உஷார்! டெண்டர் கடிதத்தில் ‘இல்லை’ என்று எழுதும் முன்…

உலக வங்கிக் கடனில் ஆப்பிரிக்காவிலோ தெற்காசியாவிலோ வரும் சாலை, பாலம், அணை வேலைக்கு டெண்டர் போடப் போகிறீர்களா? விலைப்பட்டியலை ராப்பகலாகச் சரிபார்ப்பீர்கள். கூடவே வைக்கும் டெண்டர் கடிதத்தை, பழைய ஃபைலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுவீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்!

அதில் ஒரு கட்டம் உண்டு. இந்த டெண்டருக்காக யாருக்குக் கமிஷன் கொடுத்தீர்கள், இனி யாருக்குக் கொடுப்பீர்கள்? பெயர், முகவரி, காரணம், தொகை எல்லாம் கேட்கும். அந்த ஊர் ஏஜென்ட்டுக்கு இரண்டு சதவீதம் பேசி வைத்துவிட்டு அங்கே ‘இல்லை’ என்று எழுதினால், தெரிந்து செய்தாலும் அலட்சியமாகச் செய்தாலும் வங்கியின் கணக்கில் அது மோசடி. அவர் யாருக்காவது லஞ்சம் கொடுத்தாரா என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி. மிகைப்படுத்திய அனுபவச் சான்றிதழுக்கும் இதே கதிதான்.

ஏஜென்ட் லஞ்சம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் நடந்ததைப் பாருங்கள். அந்த மலைநாட்டு நீர்த்திட்டத்தில் கனடாவின் ஆக்ரெஸ் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஏஜென்ட் வழியாகப் பணம் கொடுத்தது. திட்ட ஆணையத்தின் தலைமை அதிகாரி கைக்கு அது போய்ச் சேர்ந்தது. ஏஜென்ட் செய்த வேலைக்குக் கொடுத்த கூலி என்று நிறுவனம் வாதாடியது. எடுபடவில்லை. 2002-ல் லெசோத்தோ உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2004-ல் உலக வங்கி, தன் கடனில் வரும் வேலைகளை எடுக்க மூன்று ஆண்டு தடை போட்டது.

நீதிமன்றத்தில் தப்பினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று தோன்றினாலே வங்கிக்குப் போதும். வங்கதேசத்தின் பத்மா பாலம் தொடர்பான லஞ்சப் புகாரில் கனடாவின் எஸ்என்சி-லாவலின் நிறுவனத்துக்கு 2013-ல் பத்து ஆண்டு தடை விழுந்தது; நூற்றுக்கும் மேற்பட்ட துணை நிறுவனங்களும் சேர்ந்து மாட்டின. 2017-ல் கனடா நீதிமன்றம் அதே விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட மூவரை விடுவித்தது. தடை அதனால் விலகவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய பயம். வளர்ச்சி வங்கிகள் தங்களுக்குள் செய்துகொண்ட 2010 ஒப்பந்தப்படி, உலக வங்கி போடும் ஓராண்டுக்கு மேற்பட்ட தடையை ஆசிய, ஆப்பிரிக்க, ஐரோப்பிய, அமெரிக்கக் கண்ட வளர்ச்சி வங்கிகளும் தங்கள் தடையாகவே ஏற்கும். ஒரே ஒரு பொய்க் கையெழுத்தில் இத்தனை கதவும் மூடிவிடும். நாற்பது வருடம் கட்டிய கம்பெனியின் பெயர் ஊரறியத் தடைப் பட்டியலில் ஏறிவிடும்.

இன்றே ஃபைலைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஏஜென்ட் இருந்தால் பெயரையும் தொகையையும் எழுதுங்கள். ‘என் பெயர் மட்டும் வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அந்த டெண்டரை விட்டுவிடுங்கள்.