செவ்வாயில் சிதறிய மிளகு!

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்ததா? இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் நாசா அனுப்பிய 'ஆப்பர்சூனிட்டி' என்ற ஆறு சக்கர ரோபோ வண்டி, 2004 ஜனவரியில் அங்கே இறங்கியது.

இறங்கிய இடம் மெரிடியானி சமவெளி. ஏன் அந்த இடம்? ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் அங்கே நிறைய இருப்பதை, செவ்வாயைச் சுற்றிவந்த ஒரு விண்கலம் முன்பே கண்டுபிடித்திருந்தது. கோலத்துக்கு இடும் காவிக்குச் சிவப்பு நிறம் தருவதும் ஹேமடைட்தான். சமவெளியில் இருந்தது சாம்பல் நிற வகை. இது பெரும்பாலும் தண்ணீரில் உருவாகும். ஆனால், எரிமலை வெப்பத்திலும் உருவாகலாம். எனவே நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்!

போனால், தரையெங்கும் மிளகு அளவில் குட்டி உருண்டைகள்! விஞ்ஞானிகள் அவற்றுக்கு 'ப்ளூபெர்ரி' என்று செல்லப்பெயர் வைத்தனர். அவை எதனால் ஆனவை?

ஆப்பர்சூனிட்டியின் கை நுனியில், ஜெர்மனியில் தயாரான 'மாஸ்பவர்' கருவி இருந்தது. அது கல்லின் மீது காமா கதிர்களைச் செலுத்தும். கல்லில் உள்ள இரும்பு அணுக்கள் அவற்றை வாங்கித் திருப்பி அனுப்பும். இரும்பு எந்தக் கனிமத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப இந்தப் பதில் மாறும். நம் கைரேகை போல!

ஆனால், ஒரு சிக்கல். கருவி ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பு சுமார் ஒன்றரை செ.மீ. உருண்டையோ சில மி.மீ.தான். தனியாக ஓர் உருண்டையை எப்படிச் சோதிப்பது?

துள்ளும் நாய்க்குட்டியை எடைபோட என்ன செய்வீர்கள்? அதைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை எடை பார்த்துக் கழிப்பீர்கள் அல்லவா? விஞ்ஞானிகளும் அப்படித்தான் யோசித்தார்கள். ஒரு பாறைக் குழியில் உருண்டைகள் நிறையச் சேர்ந்து கிடந்தன. அங்கே ஒருமுறை, பக்கத்தில் உருண்டை இல்லாத பாறையில் ஒருமுறை சோதித்தார்கள். உருண்டைகள் இருந்த இடத்தில்தான் ஹேமடைட் அதிகம். விடை கிடைத்துவிட்டது!

அங்கிருந்த பாறைகளில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. அதன் பெயர் ஜாரோசைட். தண்ணீர் இல்லாமல் இந்தக் கனிமம் உருவாகாது. ஆக, பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீர்தான் உருண்டைகளையும் உருவாக்கியது. பிறகு காற்று பாறையைத் தேய்க்க, உருண்டைகள் உதிர்ந்து சிதறின.

90 நாட்கள் உழைக்க அனுப்பிய வண்டி, 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 45 கி.மீ. கடந்தது! 2018 ஜூனில் பெரும் புழுதிப்புயலில் அதன் குரல் நின்றுபோனது. இன்றும் அது செவ்வாயில்தான் நிற்கிறது.