வெள்ளணுவுக்கு ஒரு விளக்கு
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



என் தம்பிக்கு வயது ஒன்பது. நாள்தோறும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறான். இனிப்பு அதிகம் தின்றதால் வந்த வினை என்று உறவினர் சிலர் சொல்வதுண்டு. அது உண்மையன்று. அவன் உடலிலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை, இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்களை அந்நியர் என்று தவறாக எண்ணி அழித்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்த வகைக்கு 'டி' அணுக்கள் என்று பெயர். இவை தம்மவரையும் அந்நியரையும் எப்படிப் பிரித்தறிகின்றன என்று தேடிப் படித்தபோதுதான், ஒளியைக் கொண்டு செய்த ஓர் அழகான சோதனையைப் பற்றி அறிந்தேன்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களும் தம்முள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. டி அணு, 'ஏற்பி' என்னும் தன் புரதத்தால் அவற்றைத் தொட்டுப் பார்க்கிறது. பெரும்பாலானவை நம் சொந்தத் துண்டுகளே. கிருமியின் துண்டுகள் மிகச் சிலவே இருக்கும்.

கண்ணைக் கட்டி விளையாடும்போது, கையில் சிக்கியவளை ஐந்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். மூன்றில் நழுவிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். டி அணுவும் இப்படித்தான் செய்கிறதாம். சொந்தத் துண்டு விரைவில் நழுவும். அந்நியத் துண்டு சற்று நேரம் ஒட்டியிருக்கும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் அணுவினுள் ஒரு வேதிமாற்றம் நிகழும். பிடி விட்டால் அத்தனையும் அழிந்துபோகும். புரதம் உண்டாகும் முறையை விளக்க 1974-இல் ஹாப்ஃபீல்டு என்னும் அமெரிக்க அறிஞர் சொன்ன கருத்து இது. (இவர் 2024-இல் வேறொரு பணிக்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.) 1995-இல் மெக்கீத்தன் என்பவர் இதை டி அணுக்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம். ஒரு துண்டுக்குப் பதிலாக வேறொன்றை வைத்தால் பிடிக்கும் நேரம் மாறும்; கூடவே வடிவமும் மாறிவிடும். எதனால் அணு விழித்தது என்று எப்படிச் சொல்வது? நேரத்தை மட்டும் மாற்ற ஒரு வழி வேண்டும்.

அந்த வழி செடிகளிடமிருந்து கிடைத்தது! 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் என்னுமிடத்து வேளாண் ஆராய்ச்சியாளர்கள், லெட்டூஸ் கீரை விதைகளுக்குச் சிவப்பொளி காட்டினால் முளைப்பதையும், பின்பு கண்ணுக்கு அரிதாகவே தெரியும் 'தொலைசிவப்பு' ஒளியைக் காட்டினால் முளைக்காமல் நின்றுவிடுவதையும் கண்டார்கள். எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பட்ட ஒளியே வென்றது. பைட்டோகுரோம் என்னும் புரதமே இதற்குக் காரணம். அது சிவப்பொளியில் வேறொரு புரதத்தைப் பற்றும், தொலைசிவப்பில் விட்டுவிடும்.

2019-இல் ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தார், கடுகின் உறவான அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் பைட்டோகுரோமை எடுத்துக்கொண்டனர். அது பற்றும் புரதத்தை டி அணுவின் ஏற்பியோடு இணைத்தனர். அந்த டி அணுக்கள், 1970-களில் இரத்தப் புற்றுநோய் கண்ட 14 வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்திலிருந்து வந்த வழித்தோன்றல்கள். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அவை பெருகிக்கொண்டிருக்கின்றன. (என்னைவிட ஒரு வயது இளையவன் என்று படித்தபோது, மேலே படிக்கச் சற்று நேரம் மனம் வரவில்லை.)

660 நானோமீட்டர் சிவப்பொளி பட்டதும் செடிப் புரதம் ஏற்பியைப் பற்றியது. அணுவினுள் கால்சியம் உயர்ந்தது. அதாவது, அணு விழித்துக்கொண்டது. 740 நானோமீட்டர் தொலைசிவப்பில் பிடி தளர்ந்தது, கால்சியமும் தணிந்தது.

இனிதான் வேடிக்கை. சிவப்பொளி, பைட்டோகுரோமைப் பற்றவும் வைக்கும், இடையிடையே விடவும் வைக்கும். ஒளியைக் கூட்டினால் இரண்டுமே வேகமாகும். பற்றும் நிலையில் உள்ளவற்றின் தொகை மாறாது. ஒவ்வொரு பிடியும் நீடிக்கும் நேரம் மட்டும் குறையும். விளக்கைப் பிரகாசமாக்கினால் அணு இன்னும் நன்றாக விழிக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக அது அடங்கியது! வடிவம் அதே, எண்ணிக்கை அதே, நேரம் மட்டுமே வேறு.

அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் டிஷர், வைனர் என்னும் இருவர், இருளில் பற்றி நீல ஒளியில் விடும் ஓட்ஸ் பயிரின் புரதத்தைக் கொண்டு தனியே சோதனை செய்தனர். செடி வேறு, ஒளி வேறு, ஆய்வுக்கூடம் வேறு, விடை ஒன்றே. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சான்றாகப் படுகிறது.

இருட்டறையில் டார்ச் விளக்கை விரல்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டுமே தெரியும். மற்ற நிறங்களைத் தசையும் இரத்தமும் விழுங்கிவிடும். அந்தச் சிவப்பும் வெகு ஆழம் போகாது. கணையமோ இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஆகவே, இச்சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களில் செய்தவை, மருத்துவமல்ல.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். டார்ச்சை வாங்கித் தன் வயிற்றில் வைத்து அழுத்தினான். "எனக்கு எந்தக் கலர் அக்கா?" என்று கேட்டான். அப்படி ஒரு விளக்கு இன்னும் வரவில்லையடா என்றேன். சரியென்று அதை அணைத்துவிட்டு, இன்சுலின் எடுத்துவரச் சமையலறைக்குப் போனான்.