கோயில் ஓகே... வழிப்பலகை ரிஜெக்ட்! போக்கிமான் கோ விதிகளில் அப்படி என்ன குழப்பம்?

கடலூர் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரத்துக்கு முகூர்த்த நாளில் போயிருக்கிறீர்களா? எங்கு பார்த்தாலும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி மலை. 74 படி ஏறினால் ஹயக்ரீவர் கோயில். நீங்கள் போக்கிமான் கோ ஆடுபவர் என்றால், ‘இதையெல்லாம் கேம்ல சேர்க்கலாமே’ என்று கை பரபரக்கும்.

சேர்க்கலாம்தான். நியான்டிக் நிறுவனம் 2019-ல் ‘வேஃபேரர்’ என்ற தளத்தைத் தொடங்கியது. அதற்குப் பிளேயர்களே இடங்களைப் பரிந்துரைக்கலாம். மற்ற பிளேயர்கள் ஓட்டுப் போடுவார்கள். பாஸ் ஆனால் அந்த இடம் போக்கேஸ்டாப்பாகவோ ஜிம்மாகவோ மாறலாம்.

சுற்றிப் பார்க்க, உடற்பயிற்சி செய்ய, நாலு பேர் கூடிப் பேச... இதில் ஒன்றுக்காவது அந்த இடம் ஏற்றதாக இருக்க வேண்டும். தனியார் வீடு, பள்ளிக்கூடம், பாதுகாப்பாக நடந்து போக முடியாத இடம் என்றால் ‘நோ’.

பலகையில் என்ன சிக்கல்?

கோயிலுக்குப் பெரிதாகப் பிரச்னை வராது. வழிப்பலகைக்குத்தான் தலைவலி. தமிழக அரசு 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ நடைபாதை. அப்படியொரு பாதையின் பலகையை நீங்கள் அனுப்பினால், ‘நடக்கத் தூண்டுது, ஓகே’ என்பார் ஒருவர். ‘ஒரே மாதிரி பல பலகை, தனித்துவம் இல்லை’ என்பார் இன்னொருவர். இரண்டுக்குமே விதியில் இடமிருக்கிறது! விதி விளக்கங்களும் அவ்வப்போது மாறுவதால், பழைய விதியை மனதில் வைத்தே சிலர் ஓட்டுப் போடுகிறார்கள். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் ஒரே மாதிரி பலகை ஓர் ஊரில் பாஸ், பக்கத்து ஊரில் ஃபெயில்.

‘கேம்தானே பாஸ்’ என்று விட முடியாது. போக்கிமான் கோவின் முதல் ஸ்டாப்கள், அதற்கு முந்தைய ‘இன்கிரெஸ்’ கேமிலிருந்து வந்தவை. அதை அதிகம் ஆடியது பெருநகரத்துக்காரர்கள். சென்னையில் ஒரு ரிஜெக்ட் பெரிய விஷயமே இல்லை. ஸ்டாப்பே இல்லாத கிராமத்தில், அது மொத்த ஆட்டத்துக்கும் முட்டுக்கட்டை.

என்ன செய்யலாம்?

* பாதையின் பெயர் தெளிவாகத் தெரியும் பலகையை அனுப்புங்கள். வெறும் ‘2 கி.மீ’ கல் தேறுவது கஷ்டம்.
* போட்டோவில் ஆட்கள், வண்டி நம்பர் பிளேட் வேண்டாம்.
* சுற்றுப்புறப் படத்தில் நடைபாதை தெரியட்டும்.
* பலகை தமிழில் இருந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்திலும் சொல்லுங்கள்.
* ‘ப்ளீஸ் அப்ரூவ்’ என்று கெஞ்சாதீர்கள். அதுவே ரிஜெக்ட் ஆகக் காரணமாகலாம்.
* நியாயமான இடம் என்றால் அப்பீல் செய்யுங்கள். வாய்ப்பு குறைவு என்பதால், நல்ல இடத்துக்கு மட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். திருவந்திபுரம் போனால் 74 படிக்கும் 74 ஸ்டாப் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் ரிஜெக்ட் செய்கிறவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்!