மாத்திரை ரெடி, நோயாளி எங்கே?

2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர்னு ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. ஹெபடைட்டிஸ் சி-க்கான மருந்து. 12 வாரத்துக்கு விலை 84,000 டாலர். அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். அடுத்த வருஷமே அதைத் தயாரிச்ச கம்பெனி, அதே 12 வார மருந்தை எகிப்து அரசுக்கு 900 டாலருக்குக் கொடுக்க ஒத்துக்கிச்சு.

இப்போ 2023-க்கு வாங்க. இந்த நோயை ஒழிக்கிற பாதையில தங்கத் தரத்தை எட்டின முதல் நாடு எகிப்துதான்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. அமெரிக்காவுலயோ, 2013-லிருந்து 2022 வரைக்கும் நோய் உறுதியானவங்கள்ல குணமானது மூணுல ஒருத்தர்தான். விலைதானே காரணம்னு தோணும். பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இன்னிக்குப் பார்க்கப்போறோம்.

ஹெபடைட்டிஸ் சி (சுருக்கமா ஹெச்.சி.வி.) ரத்தம் வழியா பரவுற வைரஸ். உள்ள நுழைஞ்சா இருபது, முப்பது வருஷம்கூட ஒரு அறிகுறியும் காட்டாம ஈரலை அரிச்சுக்கிட்டே இருக்கும். வயித்துல தண்ணி கோத்து, கண்ணு மஞ்சளாகி டாக்டர்கிட்ட ஓடும்போது ஈரல் சுருங்கிப் போயிருக்கும். தடுப்பூசி கிடையாது. முன்னாடி இருந்த இன்டர்ஃபெரான் ஊசியை ஒரு வருஷம் வரைக்கும் போட வேண்டியிருந்துச்சு. காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வுன்னு ஆளைப் படுத்தி எடுக்கும். அவ்வளவு பட்டும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலன். புது மாத்திரையில 100-க்கு 95 பேருக்கு மேல குணமாகுறாங்க.

எகிப்துல ரொம்பப் பேருக்கு இந்த நோய் இருந்துச்சு. ஏன்? நைல் கால்வாய்த் தண்ணியில இறங்குறவங்களுக்கு பில்ஹார்சியான்னு ஒரு புழு நோய் வரும். அதை ஒழிக்க 1950-கள்ல ஆரம்பிச்சு 80-களோட தொடக்கம் வரைக்கும் அரசாங்கமே ஊர் ஊரா நரம்பு ஊசி போட்டுச்சு. 1960-கள்ல அப்படி ஒரு முகாமைப் பார்த்தவர் எழுதி வெச்ச குறிப்பு ஒண்ணு இருக்கு. காலைல 9.20-க்கு டாக்டர் ஆரம்பிக்கிறார். 10.10-க்கு முடிச்சிடுறார், நடுவுல பத்து நிமிஷ ஓய்வு வேற. அதுக்குள்ள ஊசி போட்டுக்கிட்டவங்க 504 பேர். அஞ்சு செகண்டுக்கு ஒருத்தர்! போட்டு முடிச்ச சிரிஞ்சு தட்டுக்குப் போகும். நர்ஸ் எடுத்துக் கழுவி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் கொதிக்க வெச்சு, திரும்ப டாக்டர் கையில கொடுப்பாங்க. அந்த சிரிஞ்சு வழியாவே வைரஸும் பரவிடுச்சு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல. இப்படி ஒரு வைரஸ் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே 1989-லதான். 2008-ல கணக்கெடுத்தப்போ, 15-லிருந்து 59 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 100-க்குக் கிட்டத்தட்ட 15 பேர் ரத்தத்துல அதோட தடயம் இருந்துச்சு.

2014-ல மருந்து வந்ததும் முன்பதிவுக்கு ஒரு இணையதளம் திறந்தாங்க. லட்சக்கணக்குல பதிவு. உள்ளூர்க் கம்பெனிகளும் மருந்து தயாரிக்க, விலை இன்னும் சரிஞ்சது. 2016-ல காத்திருப்புப் பட்டியலே காலி. கொண்டாட வேண்டிய நேரம்தான், ஆனா அதுக்கப்புறம் சிகிச்சைக்கு வர்றவங்க குறைய ஆரம்பிச்சாங்க. ஏன்னா அதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் தனக்கு நோய் இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்க. தெரியாதவங்க எப்படி முன்பதிவு பண்ணுவாங்க?

அதனால 2018 அக்டோபர்ல அரசாங்கம் தேட ஆரம்பிச்சது. திட்டத்தோட பேரு ‘10 கோடி ஆரோக்கியம்’. 18 வயசு தாண்டின எல்லாருக்கும் விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டெஸ்ட். கூடவே பிபி, சுகர், எடை. என்னைக் கேட்டா, மொத்தத் திட்டத்துலயும் புத்திசாலித்தனமான இடம் இதுதான். ஹெபடைட்டிஸ் சி-க்குன்னு தனி வரிசை போட்டா, ‘இவன் போதை ஊசி போடுறவனோ’ன்னு நாலு பேர் பார்ப்பாங்க. சுகர் பார்க்கிற வரிசையில நிக்க யாருக்குக் கூச்சம்? ஏழு மாசத்துல வந்துட்டுப் போனவங்க கிட்டத்தட்ட 5 கோடி பேர்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். விரல் டெஸ்ட் காட்டுறது, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியை மட்டும்தான். வைரஸ் எப்பவோ வந்து போயிருந்தாலும், மருந்துல குணமாகியிருந்தாலும் அது பாசிட்டிவ்னுதான் காட்டும். வைரஸ் இப்போ இருக்கான்னு சொல்றது ஆர்.என்.ஏ. டெஸ்ட். இந்த ரெண்டு டெஸ்டுக்கும் நடுவுலதான் எல்லா நாட்டுலயும் ஆளுங்க காணாமப்போறாங்க. எகிப்துல பாசிட்டிவ் வந்தவங்களை நேரா பக்கத்து மையத்துக்கு அனுப்புனாங்க, அங்கயும் எல்லாமே இலவசம். வைரஸ் உறுதியானவங்கள்ல 100-க்குச் சுமார் 92 பேர் மாத்திரையை ஆரம்பிச்சுட்டாங்க. அரசாங்கத்துக்கு ஒருத்தருக்கான மருந்துச் செலவு 50 டாலர்கூட இல்ல.

அமெரிக்காவுல என்ன நடந்துச்சு? ஆன்டிபாடிக்கு ஒரு நாள், ஆர்.என்.ஏ.-வுக்கு இன்னொரு நாள், ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேற ஒரு நாள், அப்புறம் இன்ஷூரன்ஸ் அனுமதி. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்துல பல மாநிலங்கள், ஈரல்ல தழும்பு இந்த அளவுக்கு விழுந்தாத்தான் மருந்துன்னு விதி போட்டாங்க. ‘முதல்ல ஈரல் கெடட்டும், அப்புறம் வா’ன்னு சொல்ற மாதிரி! குடிக்காம, போதை எடுக்காம இத்தனை மாசம் இருந்து காட்டுன்னு சில மாநிலங்கள் கேட்டாங்க. இந்த விதிகளை அப்புறம் ஒவ்வொண்ணா தளர்த்துனாங்க. ஆன்டிபாடி பாசிட்டிவ்னா, அன்னிக்கே எடுத்த ரத்தத்துல லேப்காரங்களே ஆர்.என்.ஏ.-வும் பார்த்துடணும்னு 2023-ல அங்கத்திய நோய்த் தடுப்பு மையம் சொல்லிடுச்சு. நோயாளி ரெண்டாவது தடவை அலைய வேண்டாம்.

ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தே ஆகணும்னும் இல்ல. நம்ம நாட்டு பஞ்சாப்ல 2016-ல 22 மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல இலவச சிகிச்சை ஆரம்பிச்சப்போ, மருந்து கொடுத்தது அங்க இருந்த பொது மருத்துவர்கள்தான். சண்டிகர் பிஜிஐ ஆஸ்பத்திரி டாக்டர்கள் வீடியோ கால்லயே அவங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க.

2018 ஜூலை 28-லிருந்து இந்தியா முழுக்கவே தேசியத் திட்டம் ஒண்ணு இருக்கு. அதுக்கான அரசு மையங்கள்ல டெஸ்டும் மருந்தும் இலவசம். ரத்த தானம் பண்ணப்போயோ, ஆபரேஷனுக்கு முன்னாடியோ எடுத்த ரிப்போர்ட்ல ‘ஹெச்.சி.வி. பாசிட்டிவ்’னு வந்து, பயத்துல அதை பீரோவுக்குள்ள வெச்சிருக்கீங்களா? அதை எடுத்துட்டுப் போய், ஆர்.என்.ஏ. டெஸ்ட் பண்ணணும்னு கேளுங்க.