காசுக்கும் மதிப்பெண் உண்டு

சேலத்துக் கொலுசில் வெள்ளியின் தரத்தைச் சொல்ல ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. பழைய நாணயத்துக்கு அந்த வேலையைச் செய்பவை, விற்பவரையும் வாங்குபவரையும் சாராத தரமதிப்பீட்டு நிறுவனங்கள். அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு என்ஜிசி இப்பணியில் இறங்கின. காசு அசலா போலியா என்பதே முதல் சோதனை. அதில் தேறினால், வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோலை ஒட்டி 1 முதல் 70 வரை மதிப்பெண். 60க்குக் குறையாதது புழக்கத்தில் தேயாத காசு. பிறகு பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடிவிடுவார்கள்.

1792 வரை சேலம், நாமக்கல் வட்டாரம் திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. யானை பொறித்த அவருடைய செப்புக்காசு ஒன்று கிடைத்தால், புளி போட்டுத் தேய்க்கத்தான் கை போகும். காசு பளபளக்கும், ஆனால் இருநூறு ஆண்டுப் பழுப்பு போய்விடும், லென்ஸில் மெல்லிய கீறல்கள் தெரியும். அப்படிப்பட்ட காசுக்குப் பெரும்பாலும் எண் கிடைக்காது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்புதான். மலிவான காசை அனுப்புவதும் வீண்: கட்டணமே காசின் விலையை மிஞ்சிவிடும்.