கைவிரலால் பறந்த ஊர்வன

அந்தி மயங்கும் வேளையில் சோளிங்கர்ப் பக்கத்துப் புளியமரங்களினின்று பழந்தின்னி வௌவால்கள் புறப்படுவதை வாசகர் பலரும் கண்டிருப்பர். மறைக்கல்வி வகுப்பு முடிந்து வெளியே வந்த சிறுவன் ஒருவன் அவற்றைச் சுட்டி, “சாமி, அந்தக் காலத்துப் பறக்கும் டைனோசாரும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று நம்மிடம் வினவினான்.

நல்ல கேள்வியே, ஆனால் அதனுள் ஒரு பிழையும் உண்டு. அவன் கருதியது டைனோசார் அன்று. அதற்கு நெருங்கிய உறவுடைய தனிக்குலம். டெரோசார் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த இவையே, முதுகெலும்புள்ள உயிர்களுள் முதன்முதல் சிறகடித்துப் பறந்தவை.

நம் மலைப்பாறையில் இவற்றைத் தேடுவது வீண். விலங்குகள் தோன்றுமுன்பே உருவான பாறை அது. சேறு படிந்து இறுகிய பாறையிலேதான் எலும்பு நிலைக்கும். கோதாவரிப் படுகையின் கோட்டா பாறைப் படிவத்தில் கிடைத்த சிறு துண்டுகளைப் பறக்கும் ஊர்வனவற்றினுடையவை என, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சார்ந்த சோகன் லால் ஜெயின் 1974-இல் விவரித்தார். அத்துணைச் சிறு துண்டுகளைக் கொண்டு இனத்தை உறுதிசெய்ய இயலாதெனப் பிற்கால அறிஞர் ஐயுற்றனர். நம் நாட்டுக்குக் கிடைத்த பெருமையாயிற்றே என்று ஐயத்தை மறைப்பது முறையன்று.

முழு உருவைக் காண ஜெர்மனியின் பவேரியாவுக்குச் செல்லவேண்டும். அங்குள்ள ஐக்ஸ்டேட் ஒரு மறைமாவட்டத் தலைநகர். அதன் குருமடம் திரட்டிய பாறைப் பதிவுகளே அந்நகரின் ஜூரா காட்சியகத்துக்கு அடிப்படை. அவ்வட்டாரச் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த முதல் எலும்புக்கூட்டை 1784-இல் விவரித்தவர் கொல்லினி. (திருச்சபையை ஓயாது எள்ளிய வொல்தேருக்கு முன்னர்ச் செயலாளராய் இருந்தவர் இவரே!) அவர் அதைக் கடல் விலங்கோ என எண்ணினார். நீண்ட அவ்விரல் சிறகைத் தாங்கியதென்றும், அது பறக்கும் ஊர்வன என்றும் 1801-இல் தெளிவாக்கியவர் பிரான்சு நாட்டுக் குவியே.

வௌவாலின் சிறகைப் பல விரல்கள் தாங்குகின்றன. டெரோசாருக்கோ நான்காம் விரல் ஒன்றே போதும்! அது உடலினும் நீண்டு வளர, மற்ற மூன்றும் நகமுள்ள குட்டை விரல்களாய் நின்றன. அவ்விரல் நுனியிலிருந்து பின்னங்கால் வரை தோல் விரிந்தது. தோல் ஷாப்புகளில் உழைக்கும் நம் ஆம்பூர், இராணிப்பேட்டை மக்கள் தோலின் உறுதியையும் நெகிழ்வையும் தொட்டே அறிவர். இச்சிறகுத் தோலினுள்ளும் நுண்ணிய நார்கள் வரிசையாய்ச் செறிந்திருந்தன. தசையும் இரத்தக் குழாய்களும் ஓடின. எலும்புகளோ காற்று நிறைந்த மெல்லிய குழல்கள்.

பாறை விளிம்பிலிருந்து விழுந்தாலன்றிப் பறக்க இயலாத சோம்பல் உயிர் என்றே இதனை முன்னர்ப் பலர் எழுதினர். காலடித் தடங்கள் அதனை மறுத்தன: சிறகை மடக்கி, நான்கு காலால் நன்றாகவே நடந்தது. வலிய முன்கைகளை ஊன்றித் துள்ளியே வானில் எழுந்தது என்பது 2008 முதல் வலுப்பெற்ற கருத்து. டெக்சாஸ் மாநிலத்தில் 1971-இல் கண்டெடுக்கப்பட்ட குவெட்சால்கோட்லஸ், சிறகு விரித்தால் சுமார் 10 மீட்டர். நின்றால் ஒட்டகச்சிவிங்கியின் உயரம்!

உணவும் பலவகை. அர்ஜென்டினாவின் டெரோடவுஸ்ட்ரோ, தூரிகை மயிர் போன்ற நூற்றுக்கணக்கான பற்களால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்டது. பவேரியாவின் ராம்போரிங்கஸ் மீன் பிடித்தது.

இதற்குச் சான்றாக 2012-இல் விளக்கப்பட்ட ஒரு கற்பலகை உண்டு. ராம்போரிங்கஸ் ஒன்று நீர்ப்பரப்பில் சிறுமீனைக் கவ்வி எழுகையில், கூர்மூக்குப் பெருமீன் ஒன்று பாய்ந்து அதன் இடச்சிறகைப் பற்றியது போலும். சிறகின் நார்கள் பெருமீனின் பற்களில் சிக்கின. விழுங்கவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே கடலடியில் அமிழ்ந்தன. கவ்விய சிறுமீன் இன்றும் ராம்போரிங்கஸின் தொண்டையிலேயே இருக்கிறது.