அறுவை அரங்கில் சுடுசொல்

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்றார் வள்ளுவர். உதவுவோனையும் அவர் ஓர் உறுப்பாக எண்ணினார். நம் அறுவை அரங்குகள் அவ்வாறு எண்ணுகின்றனவா?

"கத்தி பிசகினால் உயிர் போகும், தலைமை மருத்துவர் கடிந்து பேசுவது இயல்பே" என்பர் சிலர். ஆபத்து வேளையில் குரல் உயர்வது வேறு. பயிற்சி மருத்துவரையும் செவிலியரையும் பலர் முன்னிலையில் இழித்துரைப்பது வேறு. முன்னது நோயாளிக்காக, பின்னது ஆணவத்திற்காக.

இழிசொல்லின் விளைவு யாது? 2015இல் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றைப் பார்ப்போம். பச்சிளங் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் 24 குழுக்களுக்குப் பயிற்சிச் சோதனை வைத்தனர். வல்லுநர் ஒருவரின் இகழுரையைக் கேட்ட குழுக்கள், கேளாதவற்றைவிட நோயறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. தமக்குள் செய்தி பகிர்வதும், உதவி கேட்பதும் அவர்களிடையே குறைந்துவிட்டன.

அறுவை அரங்கிலும் அஃதே. பஞ்சு எண்ணிக்கையில் ஒன்று குறைவதைக் கண்ட செவிலி, வாய் திறந்தால் வசவு விழும் என்று அஞ்சி வாளாவிருந்தால் என்னாகும்? 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என்கிறது. புதுதில்லி உள்ளிட்ட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அப்பட்டியலைப் பின்பற்றியபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. பெயர் சொல்ல இடம் பெற்றவர் பிழையைச் சொல்லவும் துணிவர் அன்றோ?

இஃது அயலார் வீட்டுச் செய்தியன்று. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதியில், 2018இல் மருத்துவ மேற்படிப்பு மாணவி ஒருவர், பேராசிரியர் சிலர் தம்மைத் துன்புறுத்துவதாக ஆளுநருக்கு எழுதினார், அவ்வாண்டே உயிர்நீத்தார். குற்றம் யாருடையது என்பதைச் சட்டம் சொல்லட்டும். அக்குரலுக்கு உரிய காலத்தில் யார் செவிசாய்த்தனர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மாணவர் மாணவரைச் சொல்லால் இழிவுபடுத்துவதும் ராகிங்கே என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மருத்துவம் பயிலும் தோழர்களே! மூத்த மாணவர் வசைபாடினால் நாளையும் சொல்லையும் குறித்து வையுங்கள், கல்லூரிக் குழுவிடம் கூறுங்கள், தனியே தாங்காதீர்கள். நாளை நீங்கள் தலைமை ஏற்கும்போது அவ்வசையை அடுத்தவருக்குச் சீதனமாக வழங்காதீர்கள்.

கற்பிப்பவர் நா சுட்டால் கற்பவர் கை நடுங்கும். அந்தக் கையின்கீழ்க் கிடப்பவர் நம் அன்னையாகவும் இருக்கலாம்.